திரை கறுப்பாக இருக்கிறது, கன்சோலில் ஒன்றுமே இல்லை

ஜாவாஸ்கிரிப்டில் நன்கு பழகியவர்கூட, ஜிபியு என்ற வரைகலைச் செயலியைக் கொண்டு உலாவிக்குள் படம் வரைய உதவும் வெப்ஜிஎல்லை எழுதத் தொடங்கும்போதுதான், அதுவரை எதை நம்பி வேலை செய்துவந்தோம் என்பதை உணர்கிறார். சாதாரண நிரலில் தவறு நேர்ந்தால் உலாவி அந்த இடத்திலேயே நின்று, எந்தக் கோப்பில் எந்த வரியில் என்ன கோளாறு என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிடும். வெப்ஜிஎல்லில் நிரல் கடைசி வரி வரை தடையின்றி ஓடும், கன்சோல் பல சமயம் சுத்தமாக இருக்கும், படம் வரையப்படும் பரப்பான கான்வாஸ் மட்டும் கறுப்பாக நிற்கும். அந்தக் கறுப்புக்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். எல்லாமே பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். உலாவி வரைகலையில் பிழை தேடுவது என்பது பெரும்பாலும் பேசாத ஒன்றைப் பேசவைக்கும் வேலை. அதற்கான வழிகள் கைவந்த பிறகே மேட்ரிக்ஸ் கணிதமும் ஒளியைக் கணக்கிடும் சூத்திரங்களும் இன்பம் தரத் தொடங்குகின்றன என்பது என் அனுபவம்.

இந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. வரைகலைத் தரங்களை வகுக்கும் குரோனோஸ் அமைப்பு 2011ஆம் ஆண்டு வெளியிட்ட வெப்ஜிஎல் 1.0, கைபேசிகளுக்காக உருவான ஓப்பன்ஜிஎல் இஎஸ் 2.0 தரத்தை அடியொற்றியது. பிழைகளைக் கையாளும் முறையும் அங்கிருந்தே வந்தது. அந்த முறைப்படி, தவறான கட்டளை ஒன்று வந்தால் அமைப்பு அதை நிறைவேற்றாமல் விட்டுவிடுகிறது; உள்ளே ஒரு பிழைக்கொடியை மட்டும் உயர்த்திவைத்துவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடுகிறது. நாமாகப் போய் ‘கெட்எரர்’ என்ற செயற்கூற்றை அழைத்துக் கேட்டால்தான் அந்தக் கொடியின் எண் கிடைக்கும். கேட்ட உடனே கொடி இறங்கிவிடும். க்ரோம் போன்ற உலாவிகளில் நம் பக்கம் ஒரு செயலாக்கத்திலும், ஜிபியுவுடன் பேசும் பகுதி வேறொரு செயலாக்கத்திலும் ஓடுவதால், நாம் எழுதும் கட்டளைகள் வரிசையில் சேர்ந்து பிறகே நிறைவேறுகின்றன. கெட்எரரை அழைத்தால் வரிசையில் உள்ள அனைத்தும் மறுபக்கம் போய்ச் சேரும் வரை ஜாவாஸ்கிரிப்ட் காத்திருக்க வேண்டும். வேகம் வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு மௌனமாக வைக்கப்பட்டிருக்கிறது என்பது புரிந்துவிட்டால், அதன்மீது கோபம் குறையும்.

வேகம் கருதாமல் உருவாக்கும் கட்டத்தில், ஒவ்வொரு வெப்ஜிஎல் அழைப்புக்குப் பின்னும் கெட்எரரைக் கேட்கும் உறை ஒன்றைச் சுற்றிவைப்பது என்னுடைய முதல் பழக்கம். வெப்ஜிஎல் கட்டளைகளைத் தாங்கிய சூழல் (context) பொருளில் உள்ள எல்லாச் செயற்கூறுகளையும் ஒரு வளையத்தில் எடுத்து, அசலை அழைத்த பின் கொடியைச் சோதித்து, பூஜ்யம் அல்லாத எண் வந்தால் விதிவிலக்கு எறியும்படி மாற்றிவிட்டால் போதும். பத்துப் பதினைந்து வரிகளில் முடிந்துவிடும். அதன்பின் வெப்ஜிஎல் பிழையும் மற்ற ஜாவாஸ்கிரிப்ட் பிழைகளைப் போலவே தான் நிகழ்ந்த வரியைக் காட்டி நிற்கும். இந்த உறையைப் பயனர்களுக்குப் போகும் வடிவத்தில் கண்டிப்பாக எடுத்துவிட வேண்டும். ஆனால் எழுதும் காலம் முழுவதும் அது இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிழை வந்த பிறகு உறையைத் தேடிப்போவதைவிட முதல் நாளிலேயே அது இருப்பது நல்லது.

கிடைக்கும் எண்களில் 1280 என்றால் அந்த இடத்தில் ஏற்கப்படாத மாறிலி ஒன்றைக் கொடுத்திருக்கிறோம் என்றும், 1281 என்றால் மதிப்பு எல்லைக்கு வெளியே போயிருக்கிறது என்றும் பொருள். இவை இரண்டையும் பிடிப்பது எளிது; பெரும்பாலும் ஏதோ ஒரு பெயரின் எழுத்துப்பிழையால் ‘அன்டிஃபைன்ட்’ உள்ளே போயிருக்கும். நேரத்தைத் தின்பது 1282. கட்டளையும் சரி, மதிப்பும் சரி, ஆனால் இப்போதைய நிலையில் அதைச் செய்ய முடியாது என்கிறது அது. எந்த நிலை என்று சொல்வதில்லை. பயன்பாட்டில் இல்லாத ஜிபியு புரோகிராமின் யூனிஃபார்முக்கு (ஜாவாஸ்கிரிப்டிலிருந்து அதற்குள் அனுப்பும் மாறி) மதிப்புக் கொடுத்தாலும், பஃபர் என்ற தரவுக் கிடங்கில் இருப்பதைவிட அதிகமான முனைகளை வரையச் சொன்னாலும், எந்த டெக்ஸ்ச்சருக்குள் (பொருளின் மேல் போர்த்தும் படம்) வரைகிறோமோ அதையே அதே வேளையில் படிக்கவும் முயன்றாலும் வருவது இந்த ஒரே எண்தான். இங்கே உலாவியின் கன்சோல் நமக்குக் கைகொடுக்கிறது: வெறும் எண்ணுக்குப் பதிலாக, பஃபர் போதவில்லை என்றோ, ஃபிரேம்பஃபருக்கும் (வரைவது போய்ச் சேரும் இடம்) டெக்ஸ்ச்சருக்கும் இடையே சுழற்சி ஏற்பட்டிருக்கிறது என்றோ ஒரு வாக்கியம் எழுதிவைக்கிறது. அந்த வாக்கியங்களில் முதலாவதை மட்டும் படிக்க வேண்டும். ஒரு ஃபிரேமில் நேர்ந்த தவறு நொடிக்கு அறுபது முறை திரும்ப வருவதால் கன்சோல் நிரம்பிவிடும். ஓர் அளவுக்கு மேல் உலாவியே இனி எதையும் எழுதமாட்டேன் என்று நிறுத்திக்கொள்ளும். முதல் வரி மேலே எங்கோ புதைந்திருக்கும்போது கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு அலைவதில் பயனில்லை.

ஷேடர்களின், அதாவது ஜிபியுவுக்குள் ஓடும் சிறு நிரல்களின், கதை வேறு. ஷேடர் நிரல் தொகுக்கப்படாமல் தோற்றுப்போனால் பிழைக்கொடிகூட உயர்வதில்லை. தொகுப்பு நிலை என்ன என்று தனியாகக் கேட்க வேண்டும். தோல்வி என்றால் தகவல் பதிவை எடுத்து அச்சிட வேண்டும். அதன்பின் இணைப்பு நிலையையும் இதேபோல் கேட்க வேண்டும். அந்தப் பதிவில் ‘0:12’ என்பதுபோல வரும் இரண்டு எண்களில் இரண்டாவதுதான் வரி எண். ஷேடரை வரி எண்களோடு சேர்த்துக் கன்சோலில் அச்சிடும் ஒரு சிறு செயற்கூற்றை எழுதிவைத்துக்கொண்டால், பன்னிரண்டாவது வரி எது என்று விரல்விட்டு எண்ண வேண்டிய தேவை இராது.

வெப்ஜிஎல் 2இல் புதியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடமும் இங்கேதான் இருக்கிறது. ஷேடரின் பதிப்பு 300 இஎஸ் என்று அறிவிக்கும் வரி, உரையின் முதல் வரியாகவே இருந்தாக வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் பின்சாய்ந்த மேற்கோள் குறியைத் திறந்து, அழகுக்காக ஒரு வரி இறங்கி எழுதத் தொடங்குகிறோம் அல்லவா, அந்தக் காலி வரி ஒன்றே போதும். அறிவிப்பு இரண்டாவது வரிக்குப் போய்விடும், ஷேடர் தொகுக்கப்படாது. கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். மேற்கோள் குறியை ஒட்டியே அறிவிப்பைத் தொடங்கினால் சரியாகிவிடும்.

யூனிஃபார்ம்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஷேடரில் அறிவித்துவிட்டு இறுதி நிறத்தைப் பாதிக்கும் வகையில் எங்கும் பயன்படுத்தாத யூனிஃபார்மைத் தொகுப்பான் நீக்கிவிடுகிறது. அதன் இடத்தைக் கேட்டால் ‘நல்’ (null) கிடைக்கும். அந்த நல்லுக்கு மதிப்புக் கொடுத்தால் வெப்ஜிஎல் எந்தப் புகாரும் இன்றி அதை விட்டுவிடும். விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன்: ஷேடரில் ஒரு வரியைத் தற்காலிகமாக மறைத்துச் சோதிக்கும்போதெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் உடைந்துபோனால் சோதனையே செய்ய முடியாது. ஆனால் பெயரைத் தவறாக எழுதினாலும் இதே நல்தான் வருகிறது என்பதால், இடம் கிடைக்காத ஒவ்வொரு பெயரையும் தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கையாகக் கன்சோலில் எழுதவைப்பது அவசியம். முனைக்கு முனை மாறும் மதிப்புகளான அட்ரிபியூட்டுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அவற்றின் இடம் கிடைக்காவிட்டால் வருவது -1; அதை அப்படியே அடுத்த அழைப்புக்குக் கொடுத்தால் 1281 எழும்.

இதுவரை சொன்னவை எல்லாம், கேட்டால் பதில் சொல்லும் பிழைகள். விதிப்படி எல்லாம் சரியாக இருந்து, கெட்எரர் பூஜ்யம் என்று சொல்லி, ஷேடர்களும் தொகுக்கப்பட்டு, ஆனாலும் திரையில் ஒன்றும் தெரியாத நிலைதான் உண்மையான களம். அங்கே கன்சோலும் உதவாது, நிறுத்துப்புள்ளியும் உதவாது. ஜிபியுவுக்குள் லட்சக்கணக்கான பிக்சல்களுக்கு ஒரே வேளையில் ஓடும் நிரலில் எந்த வரியில் போய் நிற்பது? நம்மிடம் இருக்கும் ஒரே வெளியீடு நிறம். ஆகவே நிறத்தையே கேள்வியாக்க வேண்டும்.

முதலில் கான்வாஸைத் துடைக்கும் நிறத்தை மாற்ற வேண்டும். இயல்பாக அது முழுக்க ஒளிபுகும் கறுப்பு. பின்னணி வெள்ளையான பக்கத்தில் வெள்ளையாகவும் கறுப்பான பக்கத்தில் கறுப்பாகவும் தெரிந்து நம்மை ஏமாற்றும். அடர்சாம்பல் நிறத்தில் துடைத்தால், வரைதல் வளையம் ஓடுகிறதா என்ற கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும். கறுப்பாக வரையப்படும் பொருளும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும். அடுத்து, ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் ஃபிராக்மென்ட் ஷேடரின் கடைசி வரியில் எல்லாவற்றையும் புறக்கணித்து அடர் இளஞ்சிவப்பை வெளியிடச் சொல்ல வேண்டும். பொருள் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் வடிவம் சரி, கோளாறு ஒளியிலோ டெக்ஸ்ச்சரிலோ இருக்கிறது. தெரியாவிட்டால் முனைகள் திரைக்கு வந்து சேரவே இல்லை. இந்த ஒரே சோதனை பிரச்சினையை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. இதைச் செய்யாமல் ஒளிச் சூத்திரத்தைத் திருத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அவர்கள் இழப்பது அந்த மாலையை மட்டுமல்ல, இந்தத் துறையின் மீதான விருப்பத்தையும்தான்.

முனைகள் வரவில்லை என்றால், மேட்ரிக்ஸ்களை விலக்கிவிட்டு முனையின் இடத்தை, திரையில் அது எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கும் ஜிஎல்_பொசிஷனில் அப்படியே போட்டுப் பார்க்கலாம். முக்கோணங்களுக்குப் பதிலாகப் புள்ளிகளாக வரையச் சொல்லி, புள்ளியின் அளவைப் பத்து பிக்சலாக்கினால், பின்முகம் நீக்கப்படுவதால் மறைந்தவை வெளியே வரும். மேட்ரிக்ஸ்தான் காரணம் என்று தெரிந்தால் அதன் பதினாறு எண்களையும் அச்சிட்டுப் பார்ப்பதில் தயக்கம் கூடாது. வெப்ஜிஎல் நெடுவரிசைவாரியாக அடுக்குவதால், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் இடப்பெயர்ச்சியின் மூன்று மதிப்புகளும் 12, 13, 14ஆம் இடங்களில் இருக்க வேண்டும். அவை 3, 7, 11இல் உட்கார்ந்திருந்தால் மேட்ரிக்ஸ் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. பதினாறில் சில ‘எண் அல்ல’ என்ற மதிப்பாக இருந்தால், பெரும்பாலும் அது அகல உயர விகிதத்திலிருந்து வந்திருக்கும். பக்கத்தின் அமைப்பு முடிவாவதற்குள், அல்லது கான்வாஸ் மறைந்திருக்கும் நிலையில், அதன் அகலமும் உயரமும் பூஜ்யமாக இருக்கும். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் கிடைப்பது எண்ணே அல்ல. அது ப்ரொஜெக்‌ஷன் மேட்ரிக்ஸுக்குள் போய்விட்டால் பொருள் முழுவதும் சுவடின்றி மறைந்துவிடும், ஜிபியு எதையும் பிழையாகக் கருதாது.

வடிவம் தெரிகிறது, நிறம் தவறு என்றால் இடைநிலை மதிப்புகளை ஒவ்வொன்றாக நிறமாக்கிப் பார்க்க வேண்டும். பரப்பு எந்தப் பக்கம் நோக்குகிறது என்று சொல்லும் நார்மல் திசையைப் பாதியாக்கி அரையைக் கூட்டினால் அது பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் வந்துவிடும். கோளத்தின் மேல் அது மெதுவாக மாறும் வண்ணங்களாகத் தெரிய வேண்டும். எங்கும் ஒரே சாம்பலாக இருந்தால் நார்மல் பஃபர் இணைக்கப்படவே இல்லை. டெக்ஸ்ச்சர் ஆயங்களைச் சிவப்பிலும் பச்சையிலும் போட்டால் அவை தலைகீழாக இருக்கின்றனவா என்பது ஒரே பார்வையில் தெரியும்.

டெக்ஸ்ச்சர் கறுப்பாக வருவதற்கு மிகப் பொதுவான காரணம், அதைச் சிறிதாக்கிப் படிக்கும் வடிகட்டியின் இயல்பு மதிப்பு மிப்மேப்பை (படத்தின் படிப்படியாகச் சிறிதாகும் நகல்கள்) எதிர்பார்ப்பது. மிப்மேப் உருவாக்காமலும் வடிகட்டியை மாற்றாமலும் விட்டால் அந்த டெக்ஸ்ச்சர் முழுமையடையாதது என்று கருதப்பட்டு, படித்தால் கறுப்பையே தரும். வெப்ஜிஎல் 1இல், அகலமும் உயரமும் இரண்டின் அடுக்குகளாக இல்லாத படங்களுக்கு மிப்மேப்பும் கிடையாது, திரும்பத் திரும்ப நிரப்பும் முறையும் கிடையாது. மீறினால் அதே கறுப்பு. வேறு தளத்திலிருந்து அனுமதியின்றி எடுத்த படம் மட்டும் நேர்மையாக விதிவிலக்கை எறிந்துவிடும். உலாவி வரைகலையில் சத்தமாகப் பேசும் சில பிழைகளில் அது ஒன்று என்பதால் அதனிடம் எனக்கு மரியாதை உண்டு.

கணினியில் சரியாக ஓடி, கைபேசியில் மட்டும் தவறும் பிழைகள் தனி ரகம். அவற்றில் மிகவும் கற்றுத்தரும் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அலை போல் அசையும் ஒரு காட்சி. தொடக்கத்திலிருந்து ஓடிய நேரம் நொடிகளாக ஃபிராக்மென்ட் ஷேடருக்குப் போகிறது, அங்கே சைன் கணக்கிடப்படுகிறது. கணினியில் எவ்வளவு நேரம் ஓடினாலும் வழுக்கிக்கொண்டு போகிறது. கைபேசியில் முதல் சில நொடிகள் அழகாக இருக்கிறது. ஒரு நிமிடம் தாண்டியதும் அசைவு தத்தித் தத்தி நகரத் தொடங்குகிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடியும் சரியாகிவிடுவதால், பலரும் கைபேசி சூடாகி வேகம் குறைகிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

காரணம் ஷேடரின் தலையில் எழுதிய ‘மீடியம்-பி’ என்ற துல்லிய அறிவிப்பு. கணினி ஜிபியுக்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தாமல் 32 பிட்டிலேயே கணக்கிடுகின்றன. பல கைபேசி ஜிபியுக்கள் அதை 16 பிட்டாக எடுத்துக்கொள்கின்றன. 16 பிட் தசம எண்ணில் பின்னப் பகுதிக்கு 10 பிட்டுகள்தான் உள்ளன. ஆகவே 1 முதல் 2 வரை உள்ள எண்களை 1024இல் ஒரு பங்கு நுட்பத்தில் அது பிரித்தறியும். 64 முதல் 128 வரை வந்துவிட்டால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 16இல் ஒரு பங்கு இடைவெளி விழுந்துவிடுகிறது. ஒரு ஃபிரேமுக்கு 60இல் ஒரு பங்கு நொடிதான் என்பதால், ஏறத்தாழ நான்கு ஃபிரேம்களுக்கு ஷேடருக்குத் தெரியும் நேரம் ஒன்றாகவே இருக்கிறது. பிறகு ஒரேயடியாகத் தாவுகிறது. நேரத்தை நொடிக்குப் பதிலாக மில்லிநொடியில் அனுப்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 65504தான். அந்த யூனிஃபார்மை ‘ஹை-பி’ என்று அறிவிப்பது ஒரு தீர்வு. அதைவிட எனக்குப் பிடித்தது, ஜாவாஸ்கிரிப்டிலேயே நேரத்தை அலையின் சுற்றுக்காலத்தால் வகுத்து மீதியை மட்டும் அனுப்புவது. எண் எப்போதும் சிறியதாகவே இருக்கும், எந்தக் கருவியிலும் ஒன்றுபோல ஓடும். சந்தேகம் வரும்போது, ஷேடர் துல்லியத்தின் விவரத்தைக் கேட்கும் செயற்கூறு ஒன்று வெப்ஜிஎல்லிலேயே இருக்கிறது. மீடியம்-பிக்கு 23 என்று சொன்னால் 32 பிட், 10 என்று சொன்னால் 16 பிட்.

16 பிட் இன்னோர் இடத்திலும் படுத்தும். முனைகளின் வரிசை எண்களை 16 பிட் வரிசையில் வைத்தால் 65535 வரைதான் எழுத முடியும். 65536 என்பது ஜாவாஸ்கிரிப்டின் எந்த முணுமுணுப்பும் இன்றிப் பூஜ்யமாகிவிடும். சிறிய மாதிரிகளில் சரியாக இருந்த நிரல், பெரிய மாதிரி ஒன்றை ஏற்றியதும் முட்கள் போல நீளும் முக்கோணங்களைக் காட்டினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கான்வாஸைப் படமாகச் சேமித்தால் வெறும் தாள் வருகிறது என்பதும் அடிக்கடி கேட்கப்படுவது. வரைந்ததைப் பக்கத்தில் காட்டிய பிறகு உலாவி அந்தப் பஃபரைத் துடைத்துவிடுகிறது. வரைந்த அதே செயற்கூற்றுக்குள்ளேயே சேமிப்பையும் செய்துவிட்டால் போதும்.

சூழல் இழப்பை மட்டும் பலரும் பிழையாகவே எண்ணுவதில்லை. ஜிபியு மீட்டமைக்கப்பட்டாலோ, கணினி உறங்கி எழுந்தாலோ, ஒரே பக்கத்தில் அளவுக்கு மீறி வெப்ஜிஎல் சூழல்களைத் திறந்தாலோ (கணினி க்ரோமில் வரம்பு 16, அதைத் தாண்டினால் மிகப் பழையது பறிபோகும்) நாம் ஏற்றிய டெக்ஸ்ச்சர்களும் பஃபர்களும் எல்லாம் போய்விடும். அதற்குப் பின் நாம் விடும் கட்டளைகள் அனைத்தும் அமைதியாக விழுங்கப்படும். இழப்பு நிகழ்வைக் கேட்டு, இயல்பு நடத்தையைத் தடுத்து, மீட்பு நிகழ்வில் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். இழப்பைச் செயற்கையாக உண்டாக்கும் நீட்டிப்பு ஒன்று இருப்பதால் இதைச் சோதிக்காமல் விடுவதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

காட்சி பெரிதாகி, ஒரு ஃபிரேமில் நூற்றுக்கணக்கான வரைதல் கட்டளைகள் ஓடும்போது, கையால் நிறம் மாற்றிப் பார்ப்பது போதாது. பேபிலான்.ஜேஎஸ் என்ற முப்பரிமாண வரைகலை நூலகத்தின் குழுவினர் உருவாக்கிய ஸ்பெக்டர்.ஜேஎஸ் அங்கே உதவும்: ஒரு ஃபிரேமை அப்படியே பிடித்து, ஒவ்வொரு கட்டளைக்கும் அந்த நேரத்தில் என்ன நிலை இருந்தது, எந்த டெக்ஸ்ச்சர் எந்த இடத்தில் இணைந்திருந்தது, படம் படிப்படியாக எப்படி உருவானது என்று காட்டும். முந்தைய பொருளுக்காக மாற்றிய நிலை ஒன்றைத் திருப்பி வைக்காததால் அடுத்த பொருள் கெடுவது பெரிய நிரல்களில் மிகச் சாதாரணம். அதை இதைவிட விரைவாகப் பிடிக்கும் வழி எனக்குத் தெரிந்து இல்லை.

2023இல் க்ரோம் 113 பதிப்போடு வெப்ஜிஎல்லின் அடுத்த தலைமுறையான வெப்ஜிபியு வந்தபோது இந்த மௌனத்தின் பெரும்பகுதி நீங்கியது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டலாம், பிழைச் செய்தி அந்தப் பெயரைச் சொல்லியே பேசும். எந்தக் கட்டளைகளின் பிழை வேண்டுமோ அவற்றைச் சுற்றிப் பிழை எல்லை ஒன்றை இட்டுக் காத்திருக்கலாம். ஆனால் நினைவக அடுக்கில் வரும் பிழைகள் அங்கேயும் பேசுவதில்லை. ஒளியின் இடம், ஒளியின் நிறம் என்று மூன்று-எண் வெக்டர்கள் இரண்டைக் கொண்ட ஒரு கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். ஜாவாஸ்கிரிப்டில் ஆறு எண்களை அடுத்தடுத்து எழுதி 24 பைட்டு பஃபர் அனுப்பினால், அளவு போதாது, 32 வேண்டும் என்று வெப்ஜிபியு தெளிவாகச் சொல்கிறது. எழுதுபவர் பஃபரை 32 பைட்டாக்குகிறார், செய்தி மறைந்துவிடுகிறது. அதன்பின் பச்சை ஒளி கொடுத்தால் சிவப்பாகத் தெரிகிறது, நீலம் கொடுத்தால் பச்சை, சிவப்பு கொடுத்தால் கறுப்பு. மூன்று-எண் வெக்டர் ஒவ்வொன்றும் 16 பைட்டின் மடங்கில்தான் தொடங்க வேண்டும் என்பதால், பூஜ்யத்திலிருந்து எண்ணினால், நிறத்தை ஷேடர் நான்காம் இடத்திலிருந்து படிக்கிறது. நாம் மூன்றாம் இடத்திலிருந்து எழுதியிருக்கிறோம். அளவைப் பற்றிய செய்தி வந்தபோதே, எட்டு பைட்டுகள் ஏன் கூடுதலாகக் கேட்கப்படுகின்றன என்று காகிதத்தில் இடங்களைக் குறித்துப் பார்த்திருந்தால், நிறங்கள் இடம் மாறுவதற்கு முன்பே இது அகப்பட்டிருக்கும்.